தனிமையில் முதிரும் மனிதர்: ‘அலிகார்’ திரைப்படம் நம்மிடம் கேட்பது என்ன?

நிந்தவூரில் அஸர் தொழுகை முடிந்த பின்னர் பள்ளிவாசல் முன்றலிலும் கடற்கரையோரத்திலும் முதியவர்கள் கூடியமர்ந்து பேசும் காட்சி நமக்கு நன்கு பழக்கமானது. வயல் விளைச்சல், கடலரிப்பு, மத்திய கிழக்கில் தொழில் புரியும் பிள்ளைகள், நோய், மருந்து என்று அவர்களது பேச்சு நீளும். இருள் சூழும் வேளையில் பேரப்பிள்ளை ஒருவன் வந்து கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் செல்வான். அவ்வாறு அழைத்துச் செல்ல எவருமில்லாத ஒருவரும் பெரும்பாலும் எல்லா ஊர்களிலும் இருப்பார். அவர் மணமுடிக்காதவராக இருக்கலாம். மணமுடித்துச் சிறிது காலத்தில் பிரிந்தவராகவும் இருக்கலாம். ஏன் தனித்திருக்கிறார் என்று ஊரில் எவரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. ஆனால் அவர் எழுந்து சென்றதும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுமில்லை.

அத்தகைய ஒருவரின் இறுதி நாட்களைச் சொல்லும் ஹிந்தித் திரைப்படமே ‘அலிகார்’. ஹன்சல் மேத்தா இயக்கி, அபூர்வா அஸ்ரானி திரைக்கதை எழுதிய இப்படம் 2015 ஒக்டோபரில் தென்கொரியாவின் பூசான் சர்வதேசத் திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. 2016 பெப்ரவரி 26ஆம் திகதி இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. தன்பால் ஈர்ப்புக் கொண்ட, அறுபது வயதைக் கடந்த ஒரு பேராசிரியரின் தனிமையே இதன் பொருள். கற்பனைக் கதையன்று, உண்மையில் நிகழ்ந்தது. நிகழ்ந்த இடம் முஸ்லிம்களின் உயர்கல்வி வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற ஒரு கல்வி நிலையம். அதனாலேயே இப்படம் எழுப்பும் கேள்விகளை நமது வாசகர்கள் முன் வைப்பது பொருத்தமெனக் கருதுகிறோம்.

நடந்தது என்ன?

சேர் செய்யித் அஹ்மத் கான் 1875ஆம் ஆண்டு அலிகாரில் தொடக்கிய கல்லூரி, 1920ஆம் ஆண்டு அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அங்கு நவீன இந்திய மொழிகள் துறையில் மராத்தி கற்பித்தவர் கலாநிதி ஸ்ரீநிவாஸ் ராம்சந்திர சிராஸ். மகாராஷ்டிர மாநிலத்தின் நாக்பூர் பகுதியைச் சேர்ந்த அவர் ஒரு கவிஞருமாவார். தமது மராத்திக் கவிதைகளுக்காக விருதும் பெற்றவர். உருதுவும் ஹிந்தியும் பேசப்படும் ஒரு நகரில் மராத்தி கற்பிப்பவரின் நிலையை நாம் எளிதில் உணரலாம். முழுவதும் சிங்களம் பேசும் ஒரு நகரில் தமிழ் கற்பித்தவாறு பல்லாண்டுகள் தனியே வாழும் ஒரு விரிவுரையாளரை நினைத்துப் பார்த்தால் போதும். அவரது திருமண வாழ்வு பல ஆண்டுகளுக்கு முன்னரே முறிந்திருந்தது. பல்கலைக்கழக விடுதி வீட்டில் அவர் தனியே வசித்து வந்தார். ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே எஞ்சியிருந்தன.

2010 பெப்ரவரி 8ஆம் திகதி இரவு கமெராவுடன் சிலர் அவரது வீட்டினுள் புகுந்தனர். ரிக்ஷா இழுக்கும் தொழிலாளி ஒருவருடன் அவர் இருந்ததைப் படம்பிடித்தனர். மறுநாளே பல்கலைக்கழகம் அவரைப் பணி இடைநிறுத்தம் செய்தது. விடுதி வீட்டிலிருந்தும் வெளியேறுமாறு பணித்தது. வீட்டினுள் அத்துமீறியவர்களின் செயலைக் காட்டிலும், வீட்டினுள் இருந்தவரின் செயலே பெருங்குற்றமாகக் கொள்ளப்பட்டது.

இங்கு ஒரு சட்ட விடயத்தைக் குறிப்பிட வேண்டும். அதற்கு ஏழு மாதங்கள் முன்னர், 2009 ஜூலை 2ஆம் திகதி, டில்லி மேல் நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பை வழங்கியிருந்தது. வயது வந்த இருவர் தம் விருப்புடன் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது என்பதே அத்தீர்ப்பு. எனவே சிராஸ் மீது குற்றவியல் வழக்கொன்றைத் தொடுப்பதற்கு அப்போது இடமிருக்கவில்லை. ‘ஒழுக்கக்கேடு’ என்ற நிருவாகக் குற்றச்சாட்டே எஞ்சியது. அதை எதிர்த்து அவர் அலகாபாத் மேல் நீதிமன்றத்தை நாடினார். 2010 ஏப்ரல் 1ஆம் திகதி இடைநிறுத்த உத்தரவுக்கு நீதிமன்றம் தடை விதித்தது. அந்தரங்கம் பாதுகாக்கப்பட வேண்டிய அடிப்படை உரிமை என்றும், ஒருவரின் நடத்தைக்கும் அவரது தொழிலுக்கும் கணிசமான தொடர்பு இல்லாதவிடத்து அதைப் பணிசார் குற்றமாகக் கொள்ள முடியாது என்றும் நீதிமன்றம் கருதியது.

ஆறு நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 7ஆம் திகதி, அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் சடலமாகக் காணப்பட்டார். அது தற்கொலையா, கொலையா என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவேயில்லை. கமெராவுடன் சிலர் புகுந்த இரவிலிருந்து மரணம் வரை மொத்தம் 58 நாட்களே.

திரைப்படம் எதைக் காட்டுகிறது?

செய்தியாக இருந்தபோது இது ஒரு பரபரப்பு விவகாரம். திரைப்படமோ பரபரப்பை ஒதுக்கிவிட்டு, அந்த 58 நாட்களில் அம்மனிதர் எவ்வாறு உண்டார், உறங்கினார், எதைக் கேட்டார், யாருக்காகக் காத்திருந்தார் என்பதையே காட்டுகிறது. சிராஸாக மனோஜ் பாஜ்பாயி நடித்துள்ளார். அவரைத் தேடி வந்து பேட்டி காணும் இளம் ஊடகவியலாளராக ராஜ்குமார் ராவும், அவருக்காக வாதாடும் வழக்கறிஞராக ஆசிஷ் வித்யார்த்தியும் தோன்றுகின்றனர். இந்நடிப்புக்காக மனோஜ் பாஜ்பாயிக்கு 2016ஆம் ஆண்டு ஆசிய பசுபிக் திரை விருது கிடைத்தமை குறிப்பிடத்தக்கது.

படத்தில் நம் மனதை விட்டகலாத காட்சி ஒன்று உண்டு. இரவு. வீட்டில் வேறு எவருமில்லை. முதியவர் நாற்காலியில் அமர்ந்து லதா மங்கேஷ்கரின் பழைய பாடலொன்றைக் கேட்கிறார். கண்களை மூடியவாறு, தாமும் மெல்லப் பாடுகிறார். கமெரா நெடுநேரம் அவரது முகத்தை விட்டு நகர்வதில்லை. கதையென்று ஒன்றும் அங்கு நிகழவில்லை. ஆயினும் பல்லாண்டுகளாக இதே நாற்காலியில் இதே பாடலோடு அவரது இரவுகள் கழிந்திருக்கின்றன என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. முதுமையின் தனிமை பெருந்துயராக ஆர்ப்பரித்து வருவதில்லை. ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரியாக வருகிறது என்பதை இக்காட்சி எளிதாக உணர்த்திவிடுகிறது.

மற்றொரு பகுதி வீடு தேடும் படலம். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டவர் ஒரு வாடகை அறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார். செய்தி அவருக்கு முன்னரே அவ்விடங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் பெரிதாக எதையும் கோரவில்லை. பாதுகாப்பான ஓர் அறை, கதவுக்கு ஒரு பூட்டு, புத்தகங்களை அடுக்க ஓர் இடம் ஆகியனவே அவரது தேவை. அவரைப் போன்றோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை ஊடகவியலாளர் பயன்படுத்தும்போது, தம் உணர்வு முழுவதையும் மூன்று எழுத்துக்களுக்குள் எவ்வாறு அடைப்பது என்று அந்தக் கவிஞர் வியக்கிறார். தம்மை ஒரு கொள்கையின் சின்னமாக ஆக்குவதை அவர் விரும்பவில்லை. தொந்தரவின்றி ஓய்வு பெற்று வாழவே விரும்பினார்.

இப்படத்துக்கு அலிகார் நகரில் எதிர்ப்பும் எழுந்தது. ஒரு நகரின் பெயரை இத்தகைய கதைக்குச் சூட்டுவது அந்நகரையும் அங்குள்ள பல்கலைக்கழகத்தையும் இழிவுபடுத்துவதாகும் என்று சிலர் வாதிட்டனர். இவ்வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. முஸ்லிம்களின் நிறுவனமொன்றில் தவறு நிகழும்போது அது அச்சமூகம் முழுவதற்குமான குறையாகச் சித்திரிக்கப்படுவதை நாமும் இந்நாட்டில் அனுபவித்திருக்கிறோம். ஆயினும் இதே நிகழ்வு வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும், வேறெந்தச் சமூகத்தினர் வாழும் ஊரிலும் நிகழக்கூடியதே. ஊரின் மானத்தைக் காப்பதாக எண்ணி ஒரு முதியவரின் மானத்தை வீதிக்குக் கொண்டுவரும் வழக்கம் எந்த ஒரு சமூகத்துக்கும் மட்டும் உரியதன்று.

வீடில்லாத ஆண்

இக்கதையை நமது கரையோர ஊர்களில் வைத்துப் பார்க்கும்போது இன்னொரு கோணம் புலனாகிறது. கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, முஸ்லிம், தமிழ் ஆகிய இரு சமூகத்தாரிடமும் வீடு பெண் வழியாகவே கைமாறி வருகிறது. மகளுக்குச் சீதனமாக வீடு எழுதப்படும். மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்குச் சென்று குடியேறுவார். பெற்றோர் அதே வளவில் ஒரு சிறு வீட்டிலோ, அடுத்த மகளுக்கெனக் கட்டும் வீட்டிலோ ஒதுங்குவர். பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பைத் தந்துள்ள வழக்கம் இது. இதன் மறுபக்கத்தை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இங்கு ஓர் ஆணுக்கு வீடு கிடைப்பது திருமணத்தின் மூலமே. மணமுடிக்காத ஆணுக்கென ஒரு முகவரி இல்லை.

இளமையில் அவர் உம்மாவின் வீட்டில் இருப்பார். உம்மாவின் வீடு தங்கையின் வீடாகும்போது அவர் அங்கு ‘மாமா’வாகத் தொடர்வார். சம்பாதிக்கும் காலத்தில் மருமக்களின் படிப்புக்கும் சீதன வீட்டுக்கும் அவரது உழைப்பே உதவும். பின்னர் மருமகளுக்குத் திருமணமாகி, புதிய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்ததும், மாமாவின் கட்டில் முன்னறையிலிருந்து விறாந்தைக்கு நகரும். எவரும் அவரை வெளியேறச் சொல்வதில்லை. ஆனால் தாம் இருப்பதால் ஓர் அறை குறைகிறது என்பதை அவரே உணரத் தொடங்குவார். சிராஸுக்கு வீட்டை விட்டு வெளியேறுமாறு எழுத்தில் ஓர் உத்தரவு வந்தது. நமது ஊரில் அத்தகைய உத்தரவு எழுதப்படுவதில்லை என்பதே வேறுபாடு.

மணமுடிக்காத ஆண்கள் எல்லோரும் தன்பால் ஈர்ப்புக் கொண்டவர்கள் அல்லர் என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும். வறுமை, நோய், சகோதரிகளைக் கரைசேர்க்கும் பொறுப்பு, போர்க்காலம் என்று தனிமைக்குப் பல காரணங்கள் உண்டு. அக்காரணங்களைக் கொண்டோர் அவற்றை வெளியே சொல்லி ஆறுதல் தேடலாம். தன்பால் ஈர்ப்பின் காரணமாகத் தனித்திருப்பவருக்கு அதுவும் இல்லை. தம் உடன்பிறந்தாரிடம்கூட உண்மைக் காரணத்தைச் சொல்ல இயலாமல், அறுபது எழுபது ஆண்டுகள் ஒரு பொய்யைக் காத்து வாழ்வது எத்தகைய சுமை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனிமை வெறும் மனக்குறையன்று என்பதை இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு பற்றிய ஆணைக்குழு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், ஆண்டுதோறும் 871,000க்கும் மேற்பட்ட மரணங்களுடன் அதற்குத் தொடர்புள்ளதாகவும் மதிப்பிட்டது. இலங்கையோ வேகமாக முதுமையடையும் நாடு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தோர் சனத்தொகையில் 12 வீதத்துக்கும் மேலாக இருந்தனர். அதன் பின்னர் அவ்வீதம் மேலும் உயர்ந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளால் கைவிடப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பராமரிப்புப் பணம் கோரலாம். பிள்ளையே இல்லாதவருக்கு அந்த வழியும் திறந்திருக்கவில்லை.

திருமணம் தீர்வாகுமா?

‘ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது நமது ஊர்களில் கேட்டுப் பழகிய ஆலோசனை. தன்பால் ஈர்ப்பை ஒரு நோயாகக் கருதி, திருமணத்தை அதற்கு மருந்தாகப் பரிந்துரைக்கும் எண்ணமே இதன் அடிப்படை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973ஆம் ஆண்டிலேயே இதனை உளநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டு அவ்வாறே செய்தது. இந்திய உளமருத்துவர்களின் சங்கமும் 2018ஆம் ஆண்டு இதே நிலைப்பாட்டை அறிவித்தது. நோய் அல்லாத ஒன்றுக்கு மருந்தாகக் கொடுக்கப்படும் திருமணத்தில் பாதிக்கப்படுபவர் அந்த ஆண் மட்டுமல்லர். எதுவும் அறியாமல் அவருக்கு மனைவியாகும் பெண்ணும் அதே தனிமைக்குள் தள்ளப்படுகிறாள்.

இதனைப் புரிந்துகொள்ள, நமது பகுதியிலும் பெரிதும் விரும்பப்படும் நடிகரான மம்முட்டி நடித்துத் தயாரித்த ‘காதல் – தி கோர்’ என்ற மலையாளப் படம் துணைபுரியும். ஜியோ பேபி இயக்கிய இப்படம் 2023 நவம்பரில் வெளியானது. ஓய்வு பெற்ற வங்கி ஊழியரான மாத்யூ உள்ளூர்த் தேர்தலில் போட்டியிடும் வேளையில், அவரது மனைவி ஓமனா விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுக்கிறார். அப்பாத்திரத்தில் ஜோதிகா நடித்துள்ளார். கணவரின் இயல்பை நீண்ட காலமாக அறிந்திருந்தும் மௌனமாக வாழ்ந்த ஒரு பெண்ணின் இழப்பை இப்படம் முன்னிறுத்துகிறது. அவள் வழக்குத் தொடுப்பது பழிவாங்குவதற்காக அன்று. இருவரும் அப்பொய்யிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகவே. நமது சமூகத்தில் இத்தகைய பெண்ணொருத்தி காதி நீதிமன்றத்தின் முன் நின்று எதைச் சொல்வாள், எப்படிச் சொல்வாள் என்று எண்ணிப் பார்த்தால், கட்டாயத் திருமணத்தின் விலை என்னவென்று விளங்கும்.

ஹொங்கொங்கில் ரே யுங் இயக்கிய ‘சுக் சுக்’ என்ற 2019ஆம் ஆண்டுப் படமும் இதே பிரச்சினையைத் தொடுகிறது. குடும்பம் உள்ள எழுபது வயது டாக்சிச் சாரதி ஒருவரும், மகனுடன் வாழும் ஓய்வு பெற்ற மற்றொருவரும் வயதான காலத்தில் சந்தித்து நெருங்குகின்றனர். அவ்வுறவு சிறிது காலமே நீடிக்கிறது. இருவரும் தத்தம் குடும்பங்களுக்கே திரும்புகின்றனர். தம்மைப் போன்ற முதியோர் அச்சமின்றி வாழக்கூடிய பராமரிப்பு இல்லமொன்றைக் கோருவோரின் கதையும் அதில் இணைந்து வருகிறது. வாழ்நாள் முழுவதும் மறைத்து வாழ்ந்தவர், முதியோர் இல்லத்தில் ஒரே அறையில் பலருடன் வாழ நேரும்போது மீண்டும் முதலிலிருந்து மறைக்கத் தொடங்க வேண்டியிருக்கிறது என்ற அவர்களது அச்சம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

இதற்கு நேரெதிரான ஒரு முடிவும் திரையில் உண்டு. 2010ஆம் ஆண்டு வெளியான ‘பிகினர்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தில், மனைவி இறந்த பின்னர் 75 வயதுத் தந்தை தம் இயல்பை மகனிடம் வெளியிடுகிறார். மகன் திகைக்கிறான், ஆனால் விலகிச் செல்லவில்லை. நோயுற்ற தந்தையின் அருகிலேயே இறுதிவரை இருக்கிறான். தந்தையாக நடித்த கிறிஸ்டோபர் பிளமருக்கு 82 வயதில் ஒஸ்கார் விருது கிடைத்தது. இத்தந்தைக்கும் சிராஸுக்கும் இயல்பில் பெரிய வேறுபாடில்லை. ஒருவரின் அருகில் இறுதிவரை ஒரு மனிதன் இருந்தான். மற்றவரின் அருகில் எவருமில்லை.

கதவைத் தட்டுவதும் உடைப்பதும்

இவ்விடத்தில் வாசகர்கள் பலரின் மனதில் எழும் கேள்வி நமக்குத் தெரியாததன்று. ‘மார்க்கம் தடுத்ததை ஏற்கச் சொல்கிறீர்களா?’ என்பதே அது. ஒருபாலுறவு குறித்து இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின் மரபான நிலைப்பாடு யாவரும் அறிந்ததே. அதனை மாற்றுமாறு கோருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதே மரபு வலியுறுத்தும் வேறு சிலவற்றை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பிறரின் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் பிறர் இல்லங்களுக்குள் நுழையலாகாது என்பதை நூர் அத்தியாயம் கூறுகிறது.

கலீபா உமர் (ரலி) அவர்கள் பற்றி வழங்கிவரும் ஒரு நிகழ்வு இமாம் கஸ்ஸாலி அவர்களின் ‘இஹ்யா’ நூலிலும் இடம்பெற்றுள்ளது. ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே சென்ற கலீபா, அங்கு தகாத நிலையில் இருந்த ஒருவரைக் கண்டிக்க முற்படுகிறார். தாம் ஒரு வகையில் இறைவனுக்கு மாறு செய்திருந்தால் கலீபா மூன்று வகையில் மாறு செய்துவிட்டதாக அம்மனிதர் பதிலளிக்கிறார். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதி பெற்று ஸலாம் கூறாதது ஆகியனவே அம்மூன்று. கலீபா அதனை ஏற்று, பாவமன்னிப்புத் தேடுமாறு மட்டும் கூறி அவரை விட்டுச் செல்கிறார். அவரை வீதிக்கு இழுத்து வரவில்லை, ஊரைக் கூட்டவில்லை. உள்ளே நடந்தது சரியென்று கலீபா ஏற்றுக்கொண்டதாக இந்நிகழ்வு சொல்லவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். சரியல்லாத ஒன்றைக் கண்டபோதும் சுவரேறுவதற்கு ஆட்சியாளருக்கே உரிமையில்லை என்றுதான் அது சொல்கிறது. இத்தகைய நிகழ்வைப் போற்றிப் பேசும் ஒரு சமூகம், 2010 பெப்ரவரி 8ஆம் திகதி இரவு அலிகாரில் நடந்ததை எந்த அளவுகோலால் நியாயப்படுத்த முடியும்?

ஊடகங்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. அன்று கமெராவைத் தூக்கிக்கொண்டு ஒரு குழு செல்ல வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு கையிலும் கமெரா உண்டு. யாரோ ஒருவரின் அந்தரங்கம் சில நிமிடங்களில் வட்ஸ்அப் குழுக்கள் வழியே ஊர் முழுவதும் பரவுகிறது. பரப்புபவர் தாம் தீமையைத் தடுப்பதாகவே எண்ணுகிறார். சிராஸின் வீட்டினுள் புகுந்தோரும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும்.

நாட்டின் சட்டத்தையும் சுருக்கமாகக் கூறுவது அவசியம். பிரித்தானியர் 1883ஆம் ஆண்டு இயற்றிய தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளே இலங்கையில் இவ்வுறவைக் குற்றமாக்குகின்றன. ஆண்களை மட்டும் குறித்த 365ஏ பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பெண்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதத்தில் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எனினும் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது நிறைவேறாமலே போனது. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் டில்லித் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு மாற்றியது. பின்னர், 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி, வயது வந்தோர் விருப்புடன் கொள்ளும் உறவு குற்றமாகாது என அதே நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. சிராஸ் அப்போது மறைந்து எட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டம் மாறும் வேகம் வேறு, ஒரு முதியவரின் எஞ்சிய ஆயுள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

எனவே சட்டத்துக்காகவோ பெரும் விவாதங்களின் முடிவுக்காகவோ காத்திராமல் ஓர் ஊர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, தனித்து வாழும் முதியவர் ஏன் தனித்திருக்கிறார் என்ற ஆராய்ச்சியை விட்டுவிட்டு, அவர் இன்று சாப்பிட்டாரா என்று விசாரிப்பது. இரண்டாவது, விருப்பமில்லாத மகனை ‘சரிப்படுத்த’ ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்வைப் பணயம் வைக்காதிருப்பது. மூன்றாவது, வீடும் வளவும் பங்கிடும்போது, காலமெல்லாம் குடும்பத்துக்காக உழைத்த மணமாகாத சகோதரனுக்கு அவர் சாகும்வரை இருப்பதற்கு ஓர் அறையேனும் உறுதியில் எழுதி வைப்பது. நான்காவது, முதியோர் சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் பிள்ளைகளற்ற முதியோரின் பெயர்களைத் தனியே குறித்துவைத்து, நோயுற்றபோது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல ஒருவரை ஒழுங்கு செய்வது. இவற்றுள் எதுவும் எவரது நம்பிக்கைக்கும் முரணானதன்று.

நமது ஊரில் ஒருவர் மரணித்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்கும். சிறிது நேரத்துக்குள் வீதி நிறையும். அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று எவரும் கேட்பதில்லை. குளிப்பாட்டவும், கபனிடவும், தோளில் சுமக்கவும் ஆட்கள் முண்டியடித்து வருவர். கரையோரத் தமிழ் ஊர்களிலும் மரண வீட்டுக்கு அயலவர் அழைப்பின்றியே செல்வர். நமது சமூகங்களின் மிக உயர்ந்த பண்புகளுள் ஒன்று இதுவெனில் மிகையாகாது.

சிராஸின் கதவை உடைத்துச் செல்லச் சிலர் இருந்தனர். அவர் இறந்த பின்னர் அவருக்காக எழுதவும் பேசவும் பலர் வந்தனர். இவ்விரண்டுக்கும் இடையில் இருந்த நீண்ட ஆண்டுகளில், மாலை வேளையொன்றில் அக்கதவை மெதுவாகத் தட்டி, ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? மரணத்தின் பின் நாம் காட்டும் அந்தக் கேள்வியற்ற பரிவில் ஒரு சிறு பகுதியை, அம்மனிதர் உயிரோடிருக்கும்போதே அவரது வாசலுக்குக் கொண்டுசெல்ல நம்மால் முடியாதா என்பதே ‘அலிகார்’ நம்மிடம் கேட்கும் கேள்வியாகும்.